அரக்குச் சோபாவுக்கு ஒரு சுவர்

பச்சை நிறத்தின் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. வாழையிலைப் பச்சை, கறிவேப்பிலைப் பச்சை, கிளிப்பச்சை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால் அழகுதான். ஆனால் ஒரு மனுஷி காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்கும்வரை பச்சையைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது என்றால் அவளுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. கல்யாணமாகிக் கோயமுத்தூருக்குக் குடி வந்த அன்றைக்கே வந்தது.

என் கணவர் வீட்டார் கணபதிப் பக்கம் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருந்தார்கள். மாமனார் தொடங்கியது. முதன்முதலில் செய்த பம்புக்கு அவர் என்ன காரணத்தாலோ ஒரு பச்சையை அடித்துவிட்டார். அது ராசியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையை விட்டு வெளியே போன மோட்டார் அத்தனையும் அதே பச்சைதான். கம்பெனிப் பச்சை என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. மோட்டாருக்கு அடிப்பதில் எனக்கென்ன ஆட்சேபணை? தாராளமாக அடிக்கட்டும். ஆனால் பட்டறையில் மிச்சமாகும் பெயிண்டெல்லாம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கேட்டில் கம்பெனிப் பச்சை. ஜன்னல் கம்பியில் கம்பெனிப் பச்சை. இரும்பு பீரோ, கட்டில், மொட்டை மாடிக் கைப்பிடி, தண்ணீர் டிரம், எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசியாக ஹால் சுவர். நான்கு பக்கமும் தரையிலிருந்து மேலே வரைக்கும் பளபளவென்று எண்ணெய் பெயிண்ட். டியூப் லைட்டைப் போட்டால் சுவர் கண்ணைக் குத்தும். ஒரு பெரிய மோட்டாருக்குள் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கும் எனக்கு.

எங்கள் வீடு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பம்பு செய்கிறவர்கள் வீட்டு கேட்டைப் பார்த்தே அவர்கள் மோட்டார் என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். நீல மோட்டார்க்காரர் வீடு நீலம். சாம்பல் நிற மோட்டார்க்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் மதியத்திலும் மழை வருகிற மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அது பெருமை. யாருமே அதை ஒரு தப்பாக நினைக்கவில்லை.

மாமனாருக்கு வீடு என்பது சாப்பிட்டுத் தூங்கும் இடம். ஹால் என்ன நிறம் என்று கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். பச்சைக்குக் காவல் இருந்தது என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். சண்டையைக்கூட ஒரு 'ங்க' போட்டு மெத்தென்று போடுகிறவர். சொந்தக்காரர் தோட்டத்துக்கு எந்த விசேஷத்துக்குப் போனாலும், காப்பி குடிப்பதற்கு முன்னால் மோட்டார் ரூமை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவார். உள்ளே பச்சை மோட்டார் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "நம்முளுதுதாங்க ஓட்டறாங்க" என்பார். வேறு நிறம் இருந்துவிட்டதோ, அந்த வீட்டுப் பந்தியில் இரண்டாம் தடவை ரசம் கேட்க மாட்டார்.

இந்தப் பச்சைக் கோட்டைக்குள்தான் என் சோபா வந்து இறங்கியது. எங்கப்பாருக்குக் காங்கேயத்தில் தேங்காய்க் களமும் எண்ணெய் மில்லும் உண்டு. கல்யாணச் சீரில் என்னவெல்லாமோ வைத்தார். எல்லாம் அம்மா பார்த்து எடுத்தது. நான் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது அந்தச் சோபா. ஈரோட்டுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, தேக்குச் சட்டத்தை நானே தட்டிப் பார்த்து, வெல்வெட்டு நிறத்தை நானே பொறுக்கினேன். அரக்கு. நல்ல பழுத்த அரக்கு, பட்டுச்சேலை பார்டரில் வருமே, அது. கடைக்காரர் பிரவுன் எடுத்துக்கொள்ளச் சொன்னார், அழுக்குத் தெரியாதாம். "அழுக்கானா தொடைக்கறதுக்கு எனக்குக் கையிருக்குதுங்க" என்றேன். எங்கப்பாரு சிரித்துவிட்டு, "அவ கேக்கறதையே போட்டுக் குடுங்க" என்றார்.

அந்தச் சோபாவைக் கொண்டுவந்து கம்பெனிப் பச்சைச் சுவருக்கு முன்னால் போட்ட அன்றைக்கு வந்திருந்த ஒரு பெரியவர், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "தர்பூசணிய அறுத்து வெச்சாப்பல இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது நிஜம். மறுநாள் அத்தை ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டைக் கொண்டுவந்து சோபா மேல் விரித்தார். "வெல்வெட்டு தூசி புடிக்குமல்ல அம்மணி" என்றார். தூசி அல்ல காரணம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் வருஷக்கணக்கில் என் சோபா பெட்ஷீட்டுக்குள்தான் குடியிருந்தது. வருகிறவர்கள் உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் என் நாத்தனாருக்கு வரன் அமைந்தது. கணவருக்குத் தங்கை அவள். என்னை நங்கை என்று கூப்பிடுவாள், எங்கள் பக்கத்தில் அண்ணிக்கு அதுதான் சொல். மாப்பிள்ளை வீடு ஈரோடு, ஜவுளி வியாபாரம். வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி செய்துகொள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக நாள் குறித்தாகிவிட்டது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். என் கணவர் என்ன செய்தார்? ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டறையிலிருந்து பச்சை டின்களைக் கொண்டுவந்து ஹால் மூலையில் அடுக்கினார்.

அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அத்தை பேச்சை எடுத்தார்.

"ஈரோட்டுக்காரங்க வர்றப்ப பெட்ஷீட்டு போட்டு வெக்கறது நல்லாருக்காது. எடுத்துப்போட்டா அது இந்தச் செவுத்துக்கு ஒத்து வராது. அதனால சோபாவுக்குப் பச்ச ரெக்சின் போட்டுப்போடலாம். காரு சீட்டு தெக்கறவரு நம்ம பட்டறைக்குப் பக்கத்துலயே இருக்கறாரு. வெள்ளிக்கெழம டெம்போ வந்துரும், சொல்லிப்போட்டேன்."

என் கையில் சாதக் கரண்டி இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பச்சை ரெக்சின்! நான் ஈரோடு பூராவும் சுற்றி எடுத்த வெல்வெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, காருக்குள் போடுகிற ரெக்சினை, அதுவும் கம்பெனிப் பச்சையில்!

"ஏனுங்க, கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கறீங்களே?" என்றேன் கணவரிடம்.

"பாக்கலாம்" என்றார் அவர். என் கணவரின் 'பாக்கலாம்' ஊரறிந்தது. ஆமாம் என்பதற்கும் பாக்கலாம், இல்லை என்பதற்கும் பாக்கலாம். அதை நம்பி ஒரு கட்டு கீரை வாங்க முடியாது.

நானே கேட்டேன். "சோபாவ மாத்தறதுக்குப் பதிலாச் செவுத்த மாத்துனா என்னங்க அத்தை?"

அத்தை மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார். "செவுரு ஊட்டோடது அம்மணி. சோபா வந்தது. வந்ததுதான ஒத்துப்போகோணும்?"

சுருக்கென்றது. அவர் சோபாவைத்தான் சொன்னார், என்னைச் சொல்லவில்லை. ஆனாலும் நானும் அந்த வீட்டுக்கு வந்தவள்தானே. அந்த வீட்டுக் குழம்புக்கு என் கையை மாற்றிக்கொண்டேன், எழுந்திருக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன், சிரிக்கும் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டேன். எதற்கும் முனகியதில்லை. நான் பார்த்து எடுத்த பொருள் என்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் பச்சையாக்கினால்தான் இவர்களுக்குத் தூக்கம் வருமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெக்சின் போடறதா இருந்தா, சோபாவோட என்னையும் சேத்து டெம்போவுல ஏத்திப்போடுங்க. காங்கேயத்துல எறக்கி உட்டாப் போதும்" என்றேன்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. கணவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பொட்டாட்ட இரு அம்மணி, எதுக்கு இந்தக் கோவம்? உனக்கு ஒரு செவுரு குடுக்கறேன். சோபாவுக்குப் பின்னாடி இருக்கற செவுரு. நீ என்ன கலர் அடிக்கோணுமோ அடிச்சுக்க. வெள்ளிக்கெழம டெம்போ வர்றப்பப் பாப்போம். நல்லாருந்துச்சுன்னா சோபா இப்படியே இருக்கட்டும், மத்த செவுத்தையும் மாத்திக்கலாம். நல்லா இல்லீன்னா ரெக்சின்தான். அப்பறம் நீ ஒரு வார்த்தை பேசப்படாது."

"ஆகட்டுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, என்ன நிறம் அடிப்பது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

டவுன்ஹால் பக்கம் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன். ஒரு அட்டையை நீட்டினார்கள். தபால் தலை அளவில் கட்டம் கட்டமாக நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே வாயில் நுழையாத ஒரு பெயர். அரக்கு சிவப்புக் குடும்பம், அதனால் அதிலேயே வெளிறின நிறமாக எடுத்தால் ஒத்துப்போகும் என்று என் அறிவு சொன்னது. இளம் ரோஸ் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். கட்டத்துக்குள் அது அவ்வளவு அடக்கமாக, அழகாக இருந்தது.

பெயிண்டர் ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர். எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பதைத் தவிர வேறு பதிலே இல்லாதவர். பழைய எண்ணெய் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுத்து, வெள்ளை அடித்து ஆறவிட்டு, ரோஸ் டிஸ்டெம்பரை அடித்து முடித்தார். கட்டத்துக்குள் அடக்கமாக இருந்தது சுவர் முழுக்க ஏறியதும் ஆட ஆரம்பித்துவிட்டது. அய்யோ, அந்த நிறத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அத்தை வந்து பார்த்தார்.

"பல்பொடி" என்றார்.

அதேதான். சின்னப் பிள்ளையில் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு பல் தேய்த்தோமே, அந்த ரோஸ் பல்பொடி. அதற்கு முன்னால் என் சோபா, காவி ஏறின பல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. அத்தை ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய் காரு சீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை காலையிலேயே டெம்போ வந்துவிடட்டும் என்று மறுபடியும் உறுதி செய்துகொண்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கதவைச் சாத்தாமல் பேசினார்.

தோற்றுப்போய்விட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். என் கணவர்கூட, "ரெக்சின்லயும் நல்லது இருக்குது, தொடச்சா பளிச்சுன்னு ஆயிரும்" என்று சமாதானம் சொன்னார். அவரை நான் பார்த்த பார்வையில் அவர் பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். டெம்போ வருகிறவரைக்கும் சுவர் என்னுடையது என்பதுதானே பேச்சு? நான் பேச்சை விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை காலை, வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சோபாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அத்தை திரும்பவும் விரித்திருந்த பெட்ஷீட்டை உருவிப் போட்டேன். நிறம் பார்க்கத் தெரியாதவளா நான்? ஒப்பணக்கார வீதிச் சேலைக் கடைகளில் எத்தனை சேலையைக் கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் பிரித்துப் பார்த்திருப்பேன்! உள்ளே விளக்கில் ஒரு நிறம், வெளியே வெளிச்சத்தில் ஒரு நிறம் என்று கடைக்காரரிடம் எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பேன்! அரக்கு பார்டருக்கு என்ன நிற உடல் எடுக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேனே. இந்தச் சோபா பார்டர், சுவர் உடல், அவ்வளவுதானே விஷயம்? இதற்குப் போய்த் தபால் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே!

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்து அந்தச் சுவரின் குறுக்கே கட்டினேன். பீரோவைத் திறந்தேன். நாத்தனாரும் கூடமாட வந்தாள். ஒவ்வொரு சேலையாகக் கயிற்றில் முழு அகலத்துக்கு விரித்துத் தொங்கவிடுவது, வாசற்படி வரை பின்னால் போய் நின்று பார்ப்பது. கடுகு மஞ்சள் போட்டோம், கோயில் தேர் மாதிரி ஆகிவிட்டது. சந்தனம் போட்டோம், எல்லோரும் சொல்கிற நிறம்தான், ஆனால் கல்யாண மண்டப மேடை ஞாபகம் வந்தது. வெளிர் நீலம் போட்டதும் நாத்தனாரே "நங்கை, வேண்டாமுங்க, ஊசி போடுவாங்களாட்ட இருக்குது" என்று எடுத்துவிட்டாள். என் சேலைகள் தீர்ந்தன. அவள் சேலைகள் தீர்ந்தன. மத்தியானம் ஆகிவிட்டது. ஹால் முழுக்கச் சேலை. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது, நாளைக்கு டெம்போ.

அந்த நேரம் பார்த்து அத்தை காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். ஹாலைப் பார்த்தார். "இதென்ன, கடை போட்டிருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, வெயிலில் நடந்து வந்த களைப்பில், பெட்ஷீட் இல்லாததைக்கூடக் கவனிக்காமல், தொப்பென்று சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அத்தை! அசையாதீங்க!" என்று கத்தினேன்.

"ஏனம்மணி, பல்லியா?" என்று அத்தை காலைத் தூக்கிக்கொண்டார்.

"பல்லி இல்லீங்க. அப்படியே உக்காருங்க. சாயுங்க. கைய அக்கட்ட வெச்சுக்குங்க."

அன்றைக்கு அத்தை கட்டியிருந்தது ஈரோட்டுச் சந்தையில் எடுத்த ஒரு கைத்தறிச் சேலை. வீட்டோடு கட்டுகிற சேலைதான், கரைகூடப் பேருக்குத்தான் இருக்கும். நிறம் சோளத்தட்டு. சோளத்தை அறுத்தபின் மாட்டுக்குக் காயப்போடுகிற தண்டு இருக்குமே, அந்த நிறம். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. அந்தச் சேலைக்குப் பக்கத்தில் என் அரக்கு வெல்வெட்டு அப்படியே ஒளி விட்டது. கறுக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. ஈரோட்டுக் கடையில் நான் ஆசைப்பட்டு எடுத்தேனே, அதே அரக்கு. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதை மறுபடியும் பார்த்தேன்.

"அத்தை, அந்தச் சேலையக் கழட்டிக் குடுங்க!"

"அட கெரகத்தே!" என்றார் அத்தை. நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சம்மந்தி ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல என்ற ஊட்டுல இப்படி ஒரு கூத்தா! இவளுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார் அத்தை.

"சேலை வேணுங்க அத்தை. அதுதான் செவுரு."

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குனிந்து தன் முந்தானையைப் பார்த்தார், அது படிந்திருந்த வெல்வெட்டைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து இதை என் மேல் போட்டார். "ஒரு சொட்டுக் கறை பட்டுது, அப்பறம் இருக்குது உனக்கு."

அந்த நிறம் கடையில் கிடைக்காது. பெயிண்டரை வரவழைத்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாளியை வைத்து, வெள்ளை டிஸ்டெம்பரில் நிறச் சாயங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கச் சொன்னேன். நான் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். மஞ்சள் விட்டார். பருப்பு நிறம் வந்தது. இல்லை என்றேன். "ஆகட்டுங்க" என்று காவி விட்டார். டீ நிறம் வந்தது. இல்லை என்றேன். "ஆகட்டுங்க" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு வாளி எடுத்தார். மறுபடியும் மஞ்சள், மறுபடியும் காவி, கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் கூட்டி. பக்கத்தில் பக்கத்தில் வருகிறது, வந்து சேர மாட்டேன் என்கிறது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சமையலறை ஜன்னலில் அத்தை நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் பொறுப்பார்? அவர் சேலை அல்லவா? விறுவிறுவென்று இறங்கி வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ற சேலைய வெச்சுக்கிட்டு என்னத்தையோ கலக்கீட்டு இருக்கறீங்க. இது கருகிப்போன தட்டு. இத மாடு மோந்துகூடப் பாக்காது. பக்குவமாக் காஞ்ச தட்டுல உள்ளுக்குள்ள ஒரு பச்ச இருக்குமல்ல? ஏனுங்க, இதுல ஒரு சொட்டுப் பச்ச உடுங்க."

பச்சை என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடைசி நேரத்தில் இந்த வழியாகவா பச்சையை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார்? வாயைத் திறந்தேன். ஆனால் பெயிண்டர் "ஆகட்டுங்க" சொல்லி முடித்து, பச்சைச் சாயத்தை ஒரு சொட்டு விட்டுக் குச்சியால் சுற்றிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். வாளிக்குள் என் தோளில் கிடந்த சேலையின் நிறம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுதானுங்க" என்றேன்.

"வேற எது?" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார். பெயிண்டர் இருட்டுவதற்குள் அடித்து முடித்தார். ஈரத்தில் சுவர் திட்டுத் திட்டாக இருந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்றார். ஆகவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஆகட்டுங்க என்பார்.

வெள்ளிக்கிழமை காலை, நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே டெம்போ வந்து ஹாரன் அடித்தது. மாவுக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து சுவர் மேல் விழுந்திருந்தது. எல்லோரும் எனக்கு முன்னாலேயே ஹாலில் நின்றுகொண்டிருந்தார்கள். மாமனார்கூட.

சுவர் காய்ந்திருந்தது. சீராக, மெத்தென்று, அறுவடை முடிந்த சோளக்காடு மாதிரி கிடந்தது. அதற்கு முன்னால் என் சோபா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை சுவருக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டுப் பார்த்தார். வாசற்படி வரை பின்னால் நடந்து வந்து, சேலைக் கடையில் நிற்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். டெம்போக்காரர் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்து, "எதுங்கம்மா, இந்தச் சோபாதானுங்களா?" என்று குனிந்தார்.

"சோபாவத் தொடாதீங்க" என்றார் அத்தை. "அந்த மூலைல பச்ச டின்னு இருக்குது பாருங்க, அத எல்லாத்தையும் ஏத்திக்குங்க. பட்டறைல கொண்டுபோயி எறக்கிப்போடுங்க. மோட்டாருக்கு ஆகும்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும்விட்டேன். ஹேய் என்று என்ன சத்தம் வந்ததோ தெரியாது, பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்தார். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். என் கணவர் வாழ்நாளில் முதல் தடவையாகப் 'பாக்கலாம்' என்று சொல்லாமல், "நெசமாவே நல்லாருக்குது" என்றார். மாமனார் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முன்னால இங்க என்ன கலர் இருந்துச்சு?" என்று கேட்டார்.

அத்தை மட்டும் போகிற போக்கில் என் காதருகே சொல்லிவிட்டுப் போனார். "அந்தச் சொட்டுப் பச்ச இல்லீன்னா இது நின்னிருக்காது. நெனப்புல வெச்சுக்க."

"ஆமாங்க அத்தை" என்றேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் ஆமாம் போட்டிருப்பேன். ஆனால் இது நிஜமும்கூட.

மற்ற மூன்று சுவரும் அதே நிறமாயின. உறுதி நாள் வந்தது. ஆண்களுக்குத் தரையில் பவானி ஜமக்காளம் விரித்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவை அத்தை கையைப் பிடித்துக் கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். எங்கள் வழக்கத்தில் இந்த மாதிரி நாளில் மருமகள்கள் உட்காருவதில்லை. காப்பி கொண்டுவருவதும், காலி டம்ளரை எடுப்பதும், கூப்பிட்டால் வருவதும்தான் எங்கள் வேலை. நான் டம்ளர்கள் வைத்த டிரேயோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஜவுளிக்காரர் வீட்டு மனுஷி, நிறத்துக்குக் கண் உள்ளவர். வெல்வெட்டை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். சுவரைப் பார்த்தார். திரும்பி மற்ற சுவர்களைப் பார்த்தார். வெற்றிலை பாக்கு பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, அவர் அத்தையின் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க, இது என்ன கலருங்க? சோபாவுக்குன்னே செஞ்சாப்பல இருக்குது. எங்க ஊட்டுக்கும் கல்யாணத்துக்குப் பெயிண்ட் அடிக்கோணும். கடைல என்ன பேரு சொல்லிக் கேக்கறதுங்க?"

அத்தை சொல்லியிருக்கலாம். அவர் சேலை, அவர் சொன்ன பச்சை. சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, அந்த டிரேயக் கீழ வெச்சுட்டு இங்க வா."

போனேன். அத்தை சற்று நகர்ந்து, இருவருக்கும் நடுவில் இடம் விட்டார். "உக்காரு" என்றார். நான் தயங்கினேன். ஜமக்காளத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"சோபாவும் இவ எடுத்தது, கலரும் இவ எடுத்ததுங்க. எனக்கென்ன தெரியும்? இவளையே கேட்டுக்குங்க."

நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தேன். பல்பொடியிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். சமையலறையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.